மறையில்லா மறைநெறி: உரோமப் பேரரசில் மித்ராஸ் வழிபாடு

ஒரு சமயத்தை அறிய விழையும் மாணவர் முதற்கண் அதன் நூலைத் தேடுவர். நூலைக் கொண்டு கொள்கையையும், கொள்கையைக் கொண்டு சடங்கையும், சடங்கைக் கொண்டு அதனைப் பின்பற்றிய மக்களின் வாழ்வையும் விளக்க முற்படுவர். நம் வகுப்பறைகளில் நாம் பயின்றதும் பயிற்றுவதும் இம்முறையே. ஆயின் இம்முறை சிறிதும் செல்லாத ஒரு சமயம் வரலாற்றில் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதி தொடங்கி நான்காம் நூற்றாண்டு வரை, பிரித்தானியாவின் வடவெல்லை முதல் சிரியாவின் யூப்ரடீஸ் ஆற்றங்கரை வரை, உரோமப் பேரரசின் பல பகுதிகளிலும் கோயில் கொண்டிருந்த மித்ராஸ் நெறியே அது. அந்நெறியினர் நூற்றுக்கணக்கான சிற்பங்களையும், ஏறத்தாழ ஆயிரம் கல்வெட்டுகளையும் விட்டுச் சென்றனர். தம் கொள்கை இதுவென விளக்கும் நூல் ஒன்றையேனும் விட்டுச் சென்றாரில்லை.

இத்தகைய நெறிகளைக் கிரேக்கர் 'மிஸ்டீரியா' என்றனர். கண்ணையோ வாயையோ மூடுதல் என்னும் பொருள் தரும் வினையடியிலிருந்து அச்சொல் பிறந்தது. தீட்சை பெற்றோர் மட்டுமே அறியத்தக்கது. அறிந்தவர் பிறர்க்கு உரைக்கலாகாதது. இதனை நாம் 'மறைநெறி' எனத் தமிழில் வழங்கலாம். தமிழில் 'மறை' என்பது மறைக்கப்பட்டதனையும் குறிக்கும், வேதத்தையும் குறிக்கும். மித்ராஸ் நெறியினரிடம் முதற்பொருள் நிறைந்திருந்தது; இரண்டாம் பொருள் நமக்குக் கிட்டவில்லை. ஆகவே இவர்களைப் பற்றிப் பேசுவோர் எல்லாரும், பண்டைக் காலத்தவராயினும் இக்காலத்தவராயினும், அவர்தம் மௌனத்தைத் தம் சொற்களால் நிரப்பியே வந்துள்ளனர். எவர் எதனை நிரப்பினார், எதனை நம்பலாம், எதனைத் தள்ளலாம் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

பெயர் வந்த வழி

மித்ராஸ் என்னும் பெயர் பழமையானது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் இட்டைட்டு மன்னனும் மிட்டானி மன்னனும் செய்துகொண்ட உடன்படிக்கையில் மிட்டானியின் சான்றுத் தெய்வங்களாக மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் ஆகியோர் குறிக்கப்படுகின்றனர். இன்றைய துருக்கியில் உள்ள பொகாஸ்கோய் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட களிமண் பலகைகளிலிருந்து இச்செய்தி வெளிப்பட்டது. இருக்கு வேதத்தில் மித்திரன் வருணனோடு இணைத்துப் பாடப்படுகின்றான். பாரசீகரின் அவெத்தாவிலோ மித்ராவுக்கெனத் தனிப் பாடலே உண்டு. அங்கு அவன் ஆயிரம் செவிகளும் பதினாயிரம் கண்களும் உடையவன், உறங்காதவன், வாக்குப் பிறழ்ந்தோரை ஒறுப்பவன். நல்லவரோடு செய்த உடன்படிக்கையாயினும் தீயவரோடு செய்த உடன்படிக்கையாயினும் அதனை முறித்தலாகாது என்பது அப்பாடலின் கருத்து. பாரசீகத்தில் 'உடன்படிக்கை' எனப் பொருள்பட்ட சொல் வடமொழியில் 'நண்பன்' ஆயிற்று. 1882ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'சுதேசமித்திரன்' இதழின் பெயரில் தமிழர் நாள்தோறும் கண்டது இச்சொல்லையே.

பாரசீக மொழியில் மித்ரா என்பது காலப்போக்கில் 'மிஹ்ர்' என மருவி, கதிரவனையும் அன்பையும் குறிக்கலாயிற்று. இன்றைய ஈரானியக் கதிரவ ஆண்டின் ஏழாம் திங்கள் 'மெஹர்' என்றே வழங்குகின்றது. முகலாயப் பேரரசி நூர்ஜஹானின் இயற்பெயர் மிஹ்ருன்னிஸா. நம் குடும்பங்களில் மெஹருன்னிஸா என்று பெயர் சூடிய பாட்டிமார் எத்துணையோ பேர். அப்பெயரின் முற்பாதி மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமையுடையது என்பதனை அவர்தம் பேரப்பிள்ளைகள் அறிந்து மகிழலாம். இதனை மணக்கொடையாகிய 'மஹர்' என்பதனோடு மயங்குதல் கூடாது. அஃது அரபு வேரினின்று பிறந்த வேறொரு சொல். ஆனால் திருவிழாவைக் குறிக்கும் 'மஹ்ரஜான்' என்னும் அரபுச் சொல் மித்ராவுக்கு உறவுடையதே. பாரசீகரின் இலையுதிர்காலப் பெருவிழாவாகிய 'மிஹ்ரகான்' அரபியிற் புகுந்து பொதுவாக விழா என்னும் பொருளைப் பெற்றது. கி.பி. 1000 அளவில் அறிஞர் அல்பிரூனி பண்டை மக்களின் கால அளவைகளைத் தொகுத்தபோது அவ்விழாவைப் பற்றி விரிவாக எழுதினார். தம் சமயத்தவரல்லாதாரின் வழக்கங்களைத் திரிக்காமலும் ஏளனம் செய்யாமலும் பதிவுசெய்த அவர்தம் நேர்மை, இவ்வாய்வில் நாம் பின்னர்க் காணப்போகும் சான்றாளர் பலரிடம் இல்லை என்பது குறிக்கத்தக்கது.

பெயர் பழமையானது என்பதனால் நெறியும் பழமையானதாகிவிடுமா? இவ்விடத்தில்தான் முதற் சிக்கல் எழுகின்றது.

கிழக்கிலிருந்து வந்ததா?

பெல்ஜிய நாட்டு அறிஞர் ஃபிரான்ஸ் கியூமோன், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மித்ராஸ் நெறி பற்றிய சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் எழுத்துச் சான்றுகளையும் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். அவ்வுழைப்பை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது. பாரசீகத்தின் மித்ரா வழிபாடு அனத்தோலியா வழியே மேற்கு நோக்கி நகர்ந்து உரோமில் மறைநெறியாகத் தழைத்தது என்பது அவர் கொள்கை. ஆகவே உரோமச் சிற்பத்தில் விளங்காத ஒன்றைக் கண்டவிடத்துப் பாரசீக நூல்களில் அதற்கு விளக்கம் தேடினார். ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் அவர் கூற்றே முடிந்த முடிபாக நின்றது.

1971ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் மித்ராஸ் ஆய்வுக்கெனக் கூடிய முதல் உலக மாநாட்டில் அம்முடிபு அசைக்கப்பட்டது. ஜான் ஹின்னல்ஸ், ரிச்சர்டு கார்டன் முதலியோர் எழுப்பிய வினா எளியது. உரோமச் சிற்பங்களின் நடுநாயகமாக விளங்குவது மித்ராஸ் ஒரு காளையைக் கொல்லும் காட்சி. அவெத்தாவில் மித்ரா காளையைக் கொன்றதாக எங்கேனும் உண்டா? இல்லை. பாரசீகரின் படைப்புக் கதையைக் கூறும் 'புந்தஹிஷ்ன்' என்னும் நூலில் ஆதிக் காளையின் இறப்பு வருகின்றது. அதன் உடலிலிருந்து தானியங்கள் முளைக்கின்றன. ஆயின் அக்காளைக்கு அழிவு செய்பவன் தீய ஆவியாகிய அஹ்ரிமன். தீயோன் செய்த அழிவை ஒரு தெய்வத்தின் அருஞ்செயலாக மாற்றிப் பொருள் கொள்வது எளிய மாற்றமன்று. கியூமோன் அந்த இடைவெளியைத் தம் புலமையால் நிரப்பினார், சான்றால் நிரப்பவில்லை.

இடைப்பட்ட காலத்துச் செய்திகள் சில உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டில் கொம்மகேனே நாட்டு மன்னன் முதலாம் அந்தியோக்கஸ், நெம்ருத் மலையுச்சியில் எழுப்பிய மாபெரும் சிலைகளுள் ஒன்று அப்பல்லோவையும் மித்ராஸையும் கதிரவனையும் ஒருங்கே குறிப்பது. அங்குக் காளை இல்லை, குகை இல்லை, மறைவும் இல்லை. கி.மு. 67இல் பொம்ப்பேயால் ஒடுக்கப்பட்ட சிலிசியக் கடற்கொள்ளையர் மித்ராஸின் மறைச்சடங்குகளை ஆற்றினர் என்று ப்ளூடார்க் எழுதினார். எனினும் அவர் எழுதியது ஒன்றரை நூற்றாண்டு கழித்து. கி.பி. 90ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் இலத்தீன் புலவர் ஸ்தாதியுஸ், பாரசீகக் குகையில் காளையின் கொம்பைத் திருகும் மித்ராஸைக் குறிப்பிடுகின்றார். அதனையடுத்த சில ஆண்டுகளில் உரோமில் அல்கிமுஸ் என்னும் அடிமை ஒருவன் காணிக்கையாக வைத்த காளைவதைச் சிற்பம் கிடைக்கின்றது. பெயரும் சில அடையாளங்களும் பாரசீகத்தின. மறைநெறியாக அது உருப்பெற்றது உரோமப் பேரரசின் மண்ணிலேயே என்பது இன்று ஆய்வாளர் பலர் கொள்ளும் கருத்து. நமக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகின்றது. எனினும் கியூமோன் தொகுத்தளித்த சான்றுகளைக் கொண்டே அவரை மறுக்க முடிந்தது என்பதனை மாணவர் மறத்தலாகாது.

குகையும் காளையும்

இனி, கல் பேசுவதைக் கேட்போம். மித்ராஸ் கோயில் பொதுவாகச் சிறியது. பெரும்பாலானவற்றில் இருபது முதல் நாற்பது பேர் வரையே அமர இயலும். நிலத்தடியிலோ, அரையளவு நிலத்துள் புதைந்தோ, சாளரமின்றிக் குகை போல அமைக்கப்பட்டிருக்கும். நடுவே ஒடுங்கிய வழி. இருபுறமும் நீண்ட திண்ணைகள். எதிர்ச்சுவரில் காளைவதைச் சிற்பம். உரோமின் துறைமுகமாகிய ஓஸ்தியாவில் மட்டும் இத்தகைய கோயில்கள் பதினைந்துக்கும் மேற்பட்டவை கிடைத்துள்ளன. பிற வழிபாடுகளில் மக்கள் கோயிலுக்கு வெளியே கூடினர். பலிபீடமும் வெளியே நின்றது. இங்கோ அனைவரும் உள்ளே. வெளியே நிற்போர்க்கு எதுவும் தெரியாது.

சிற்பத்தை உற்று நோக்குவோம். பிரிகிய நாட்டுக் கூம்புத் தொப்பி அணிந்த இளைஞன் காளையின் முதுகில் ஒரு முழங்காலை ஊன்றி, ஒரு கையால் அதன் முகத்தை மேலே இழுத்து, மறு கையால் தோளில் கத்தியைப் பாய்ச்சுகின்றான். பல சிற்பங்களில் அவன் தான் கொல்லும் காளையை நோக்குவதில்லை. முகம் பின்னோக்கித் திரும்பியுள்ளது. நாயும் பாம்பும் காயத்தை நோக்கித் தாவுகின்றன. தேள் ஒன்று காளையின் விதையைக் கவ்வுகின்றது. மேலே ஒரு காக்கை. காளையின் வால் நுனியில் கோதுமைக் கதிர்கள் விரிகின்றன. இருபுறமும் இருவர்: காவுத்தேஸ் தீப்பந்தத்தை உயர்த்திப் பிடிக்க, காவுத்தோபாதேஸ் அதனைத் தாழ்த்திப் பிடிக்கின்றான். மேற்கோணங்களில் கதிரவனும் திங்களும். சில சிற்பங்களைச் சுற்றிப் பன்னிரு இராசிகளும் பொறிக்கப்பட்டுள்ளன.

பேரரசு முழுவதும் இக்காட்சி ஏறத்தாழ மாறாமல் திரும்பத் திரும்ப வருவது வியப்பளிப்பது. நூலில்லாதார்க்கு இதுவே நூலாயிற்று போலும். தேளும் பாம்பும் நாயும் காக்கையும் காளையும் விண்மீன் கூட்டங்களின் பெயர்களாகவும் அமைந்திருப்பதால், இஃது ஒரு வான்வரைபடம் என்று கருதுவோர் உளர். டேவிட் உலான்சி 1989இல் வெளியிட்ட நூலில், புவியச்சின் மெதுவான சுழற்சியால் சமஇரவுப் புள்ளி இடம்பெயர்வதைக் கண்டறிந்ததன் விளைவே இந்நெறி என்றார். அறிவுக்கு விருந்தான கருத்து. ஆனால் படைமுகாமில் பணியாற்றிய ஒரு வீரன் அத்துணை நுண்ணிய வானியலுக்காகவா அக்குகைக்குள் நுழைந்தான் என்னும் ஐயம் நமக்குத் தீரவில்லை. வானியல் தொடர்பு இருந்தது என்பது வேறு; அதுவே முழுப்பொருள் என்பது வேறு.

ஒளியை அவர்கள் எவ்வாறு கையாண்டனர் என்பதற்கு ஒரு சான்று. பிரித்தானியாவில் ஹேட்ரியன் சுவரை ஒட்டிய காரோபர்க் என்னுமிடத்துச் சிறு கோயில் 1949இல் கண்டறியப்பட்டது. அங்கிருந்த பலிபீடம் ஒன்றில் மித்ராஸின் தலையைச் சூழ்ந்த கதிர்கள் கல்லில் துளைகளாகக் குடையப்பட்டுள்ளன. பின்னால் விளக்கை வைத்தால் இருட்டில் அக்கதிர்கள் மட்டும் ஒளிரும். வடநாட்டுக் குளிரில், சாளரமற்ற அறையில், அந்த ஒளியைக் கண்ட வீரனின் உள்ளத்தை ஊகிக்க நமக்கு எந்த நூலும் தேவையில்லை.

ஏழு படிகள்

உறுப்பினர் ஏழு படிகளில் உயர்ந்தனர் என்பதனைத் திருச்சபைத் தந்தை ஜெரோம் எழுதிய மடல் ஒன்றாலும், ஓஸ்தியாவில் பெலிகிஸ்ஸிமுஸ் பெயரால் வழங்கும் கோயிலின் தரை ஓவியத்தாலும் அறிகின்றோம். எதிரியின் எழுத்தும் உரியவரின் தரையும் ஒத்துப்போகும் அரிய இடம் இது, ஆகவே உறுதியானது. காக்கை, மணவாளன், படைவீரன், சிங்கம், பாரசீகன், கதிரவனின் தூதன், தந்தை என்பன அப்படிகள். இரண்டாம் படியின் பெயர், மணமகள் என்னும் கிரேக்கச் சொல்லை ஆண்பாலாக்கிய விந்தையான ஆக்கம். ஒவ்வொரு படியும் ஒரு கோளின் காப்பில் இருந்தது. காக்கைக்குப் புதன், தந்தைக்குச் சனி. தரை ஓவியத்தில் ஏணியின் படிகள் போல ஒவ்வொன்றுக்கும் உரிய கருவிகள் காட்டப்பட்டுள்ளன. சிங்கத்துக்கு நெருப்பள்ளும் அகப்பை. தூதனுக்குத் தீப்பந்தமும் கதிர்முடியும் சாட்டையும்.

சிங்கப் படி ஏறுவோர்க்குக் கை கழுவ நீருக்கு மாற்றாகத் தேன் வார்க்கப்பட்டது என்று மெய்யியலார் போர்ஃபிரி எழுதுகின்றார். சிங்கம் நெருப்பின் இனம்; நெருப்புக்கு நீர் பகை; ஆகவே தேன். தீங்கு பேசாதிருக்க நாவும் தேனால் தூய்மை செய்யப்பட்டது. படைவீரன் படி பற்றித் தெர்த்துலியன் கூறுவது இன்னும் தெளிவான காட்சி. வாள் இடையிட ஒரு முடி நீட்டப்படும். அது தலையில் வைக்கப்பட்டதும் அவன் அதனைக் கையால் விலக்கி, மித்ராஸே தன் முடி என்று சொல்ல வேண்டும். அதன்பின் அவன் எந்த விழாவிலும் முடி சூடமாட்டான். இத்தாலியின் பழைய காப்புவாவில் 1922இல் கண்டறியப்பட்ட கோயிலின் திண்ணைச் சுவர்களில் தீட்சைக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. ஆடையின்றி, கண் கட்டப்பட்டு, மண்டியிட்டிருக்கும் ஒருவனைப் பின்னின்று மற்றொருவன் பிடித்திருக்கின்றான். அவ்வோவியம் மங்கியது, ஆயினும் அச்சம் அதில் மங்கவில்லை.

கூடி உண்டவர் எவர்?

இருபுறமும் திண்ணைகள் இருந்தமை கூடியுண்ணற்கே. மித்ராஸும் கதிரவனும் காளைத்தோல் விரித்த இருக்கையில் விருந்துண்ணும் காட்சி சிற்பங்களில் வருகின்றது. அதனை உறுப்பினர் திண்ணையில் சாய்ந்து தாமும் நிகழ்த்தினர். பலரும் எண்ணுவது போல அக்குகைகளில் காளை பலியிடப்பட்டதற்குச் சான்றில்லை. அதற்கு இடமும் போதாது. அகழ்ந்தவிடத்து மிகுதியாகக் கிடைப்பவை கோழி, பன்றி ஆகியவற்றின் எலும்புகளே. பெல்ஜியத்தின் தீனன் நகரில் 1998இல் அகழப்பட்ட கோயிலருகே ஒரே விருந்தின் மிச்சங்கள் குழிகளில் கிடைத்தன. இருநூறுக்கும் மேற்பட்ட கோழிகளின் எலும்புகள் அவற்றுள் இருந்தன. ஊரே கூடியுண்ட பெருவிருந்து போலும்.

அடிமைகள், விடுதலை பெற்ற அடிமைகள், சுங்கச் சாவடி எழுத்தர், படைவீரர், சிற்றதிகாரிகள் ஆகியோரே கல்வெட்டுகளில் மிகுதியாகத் தோன்றுகின்றனர். இன்றைய சுலோவேனியாவில் உள்ள பொயெத்தோவியோவின் முதற் கோயிலில் காணிக்கை வைத்தோர் பெரும்பாலும் சுங்கத்துறை அடிமைகள். பெண்டிர் பெயர் உறுப்பினராக வருவதில்லை. இந்நெறியின் பெருங்குறை இது என்பதில் நமக்கு ஐயமில்லை. தாயும் மனைவியும் மகளும் நுழையவியலாத நெறி குடும்பத்தில் வேரூன்றுவது எங்ஙனம்?

ஆயினும் உள்ளிருந்தோர் ஒருவர்க்கொருவர் என்னவாக இருந்தனர் என்பதற்கு ஒரு வெண்கலத் தகடு சான்றாகின்றது. இன்றைய ஆஸ்திரியாவில் அமைந்த விருனம் நகரில் 1992இல் அது கிடைத்தது. கி.பி. 183ஐ ஒட்டி, பழுதடைந்த கோயிலைத் தம் செலவில் புதுப்பித்த முப்பத்து நால்வரின் பெயர்களைப் பொறிக்கத் தகடு வார்க்கப்பட்டது. பின்னர் ஆண்டுதோறும் புதியவர் பெயர்கள் வெவ்வேறு கையால் சேர்க்கப்பட்டன, கி.பி. 201 வரை மொத்தம் தொண்ணூற்றெட்டுப் பெயர்கள். முதலில் பொறித்தவற்றுள் ஐந்து பெயர்களின் பக்கத்தில் இறந்தமை காட்டும் ஓர் எழுத்துக்குறி இடப்பட்டுள்ளது. கி.பி. 184 ஜூன் 26ஆம் நாள் அவர்கள் 'இறப்பின் பொருட்டு' ஒன்றுகூடினர் என்றும் தகடு குறிக்கின்றது. அக்காலத்தில் பேரரசை உலுக்கிய கொள்ளைநோயால் ஐவரும் மாண்டனர் என்று ஆய்வாளர் கருதுவர். முப்பத்து நால்வரில் ஐவரை இழந்தவர்கள், எஞ்சியோராய்க் கூடி இறந்தோரை நினைத்து, பின் புதியவரைச் சேர்த்துக்கொண்டு தொடர்ந்தனர். விண்மீன் கோட்பாடுகள் அனைத்தையும்விட இத்தகடு மித்ராஸ் நெறியினரை நமக்கு நெருக்கமாக்குகின்றது என்றே சொல்வோம்.

பிறர் வாய்ச் சொல்

எழுத்துச் சான்றாளரை இனி எடைபோடுவோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் கிறித்தவ அறிஞர் ஜஸ்டின், மித்ராஸ் சடங்கிலும் அப்பமும் ஒரு கிண்ண நீரும் வைக்கப்படுகின்றன என்றும், தீய ஆவிகள் தம் திருவிருந்தைப் பார்த்துப் போலி செய்தன என்றும் எழுதினார். தெர்த்துலியனும் அவ்வழியினரே. இவர்கள் பகைவர், ஆயினும் முற்றும் பொய்யுரைத்தனர் என்று தள்ளிவிடவும் இயலாது. பகைவன் தனக்கு இடர் தரும் ஒன்றை ஒப்புக்கொள்ளும்போது அவன் சொல்லுக்கு மதிப்பு மிகும். தம் சடங்கைப் போன்ற ஒன்று அயலாரிடம் இருந்ததை ஒப்புக்கொள்ள நேர்ந்தமையால் அப்பமும் நீரும் உண்மையாகவே இருந்திருக்கும். தீய ஆவியின் செயல் என்பது அவர் சேர்த்த விளக்கம். போர்ஃபிரி நண்பர், ஆனால் அவர் மெய்யியலார். ஓமரின் காவியத்தில் வரும் குகைக்கு உட்பொருள் கூற முற்பட்டு, மித்ராஸ் குகையை உலகத்தின் உருவம் என்றார். யூபூலுஸ் என்பார் மித்ராஸின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார் என்பதும் போர்ஃபிரி வழியே தெரிகின்றது. அந்நூல் இன்று இல்லை.

நண்பரும் பகைவரும் இருக்க, உரியவரே எழுதிய ஓரிடம் உண்டு. உரோமில் சாந்தா பிரிஸ்கா தேவாலயத்தின் அடியில் உள்ள மித்ராஸ் கோயிலின் சுவர்களில் இலத்தீன் செய்யுள் வரிகள் தீட்டப்பட்டுள்ளன. அகழ்ந்தோர் 1965இல் வெளியிட்ட அறிக்கையில் அவற்றுள் ஒரு வரியை, நிலையான குருதியைச் சிந்தி எம்மைக் காத்தாய் என்னும் பொருள்பட வாசித்தனர். உலகெங்கும் அவ்வரி எடுத்தாளப்பட்டது. காளையின் குருதியால் மீட்பு என்னும் கொள்கை மித்ராஸ் நெறிக்கு இருந்தது, கிறித்தவத்தின் மீட்புக் கொள்கைக்கு இது முன்மாதிரி என்றெல்லாம் எழுதியோர் பலர். பின்னர் 1970களில் சுவரைத் தூய்மை செய்து மறுபடி ஆராய்ந்தபோது, குருதி சிந்தப்பட்டது என்னும் பகுதி ஒன்றே ஐயமின்றித் தெரிந்தது. 'காத்தாய்' என்பது உறுதியற்றது. 'நிலையான' என்பது ஏற்கத்தக்கதன்று. உதிர்ந்த சுண்ணத்தில் எழுத்தைக் கண்ட கண்களில், காண விரும்பியதே தெரிந்திருக்கின்றது. சுவடி பார்த்துப் பாடம் கொள்ளும் தமிழ் மாணவர்க்கு இவ்வாபத்தைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நிரப்பப்பட்டவை

இன்று மேடைகளிலும் வெகுமக்கள் நூல்களிலும் உலவும் சில கூற்றுகளை ஈண்டுக் குறிப்பது கடமையாகும். மித்ராஸ் கன்னியிடம் பிறந்தான் என்பர். சிற்பங்களிலும் கல்வெட்டுகளிலும் அவன் பாறையிலிருந்து, கையில் கத்தியும் பந்தமும் ஏந்தி, வளர்ந்த உருவில் வெளிப்படுகின்றான்; அங்குத் தாய் இல்லை. டிசம்பர் 25 மித்ராஸின் பிறந்தநாள் என்பர். கி.பி. 354ஆம் ஆண்டின் நாட்காட்டி அந்நாளை 'வெல்லப்படாதோன்' பிறந்தநாள் என்று குறித்து முப்பது தேர்ப் பந்தயங்களைச் சுட்டுகின்றது. அஃது அவுரேலியன் மன்னன் கி.பி. 274இல் கோயிலெடுத்த கதிரவனின் பொதுவிழா. மித்ராஸுக்கும் 'வெல்லப்படாத கதிரவன்' என்னும் அடைமொழி உண்டு. ஆனால் அந்நாளை மித்ராஸுக்கு உரிமையாக்கும் பண்டைச் சான்று ஒன்றுமில்லை. குழியில் நிற்பவன் மேல் காளைக்குருதி சொரியும் சடங்கையும் இந்நெறிக்கு ஏற்றிச் சொல்வர். அஃது உலகன்னையாகிய சிபெலேயின் வழிபாட்டோடு தொடர்புடையது. மித்ராஸ் இறந்து மூன்றாம் நாள் எழுந்தான் என்பதற்கும் சான்றில்லை. இந்நெறியில் இறப்பது காளை, மித்ராஸ் அல்லன்.

இக்கூற்றுகளை ஒரு சமயத்தைத் தாழ்த்துவதற்குப் பயன்படுத்துவோர் உளர். பிறர் சமயத்தோடு நமக்குக் கருத்து மாறுபாடு இருக்கலாம். அதற்குக் கருவியாக ஒரு மறைந்த நெறியின் வாயில் அது சொல்லாத சொல்லைத் திணிப்பது இரு சாரார்க்கும் இழைக்கும் அநீதி. மறுபுறம், கிறித்தவத்துக்கும் மித்ராஸ் நெறிக்கும் ஒற்றுமையே இல்லை என்று அடித்துப் பேசுவதும் சரியன்று. இரண்டும் ஒரே பேரரசில், ஒரே நகரங்களில், ஒரே காலத்தில் வளர்ந்தவை. கூடியுண்ணலும், சேர்ப்புச் சடங்கும், 'தந்தை' என்னும் விளியும் இரண்டிலும் இருந்தன. கிறித்தவம் தளர்ந்திருந்தால் உலகமே மித்ராஸைப் பின்பற்றியிருக்கும் என்று 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ரெனான் கூறியது பெரும்புகழ் பெற்றது. நாற்பது பேர் அமரும் அறைகளையும், பெண்டிர்க்கு மூடிய வாயிலையும் நினைப்பார்க்கு அது மிகையெனப் புலப்படும்.

மூடிய வாயில்

பேரரசரின் ஆதரவும் இந்நெறிக்கு ஒருகால் கிட்டியது. கி.பி. 308இல் கார்நுந்தும் நகரில் கூடிய தியோக்கிளேஷியன், கலேரியுஸ், லிசினியுஸ் ஆகியோர் தம் ஆட்சியின் காவலன் என்று மித்ராஸுக்குப் பலிபீடம் எடுத்தனர். அதன்பின் காற்று மாறியது. கி.பி. 377ஐ ஒட்டி உரோமின் நகரத்தலைவராயிருந்த கிராக்குஸ் ஒரு மித்ராஸ் குகையை இடித்துச் சிலைகளை அழித்ததைப் பாராட்டி ஜெரோம் எழுதினார். படிகளின் பெயர்களை நாம் அறிவது இந்த அழிவுச் செய்தியின் வாயிலாகவே. கி.பி. 391, 392 ஆகிய ஆண்டுகளில் தியோடோசியுஸின் ஆணைகள் பழைய வழிபாடுகளைத் தடை செய்தன. சாந்தா பிரிஸ்காவின் ஓவியங்கள் கோடரியால் வெட்டுண்டன. எனினும் எல்லாவிடத்தும் வன்முறையே முடிவாகவில்லை. பல கோயில்களில் காணிக்கைக் காசுகள் சிறுகச் சிறுகக் குறைந்து நின்றுபோகின்றன. வாராதவர்களால் மூடிய வாயில்கள் அவை.

இலண்டனின் வால்புரூக் ஓடைக்கரையில் கி.பி. 240 அளவில் எழுந்த கோயிலில், சிலைகளை எவரோ தரைக்கடியில் புதைத்து வைத்தனர். 1954 செப்டம்பர் 18ஆம் நாள், அகழ்வு முடியவேண்டிய இறுதி நாளில், மித்ராஸின் பளிங்குத் தலை வெளிப்பட்டது. அதனைக் காணப் பல்லாயிரவர் வரிசையில் நின்றனர். வேற்றிடத்தில் அடுக்கப்பட்ட அக்கோயிலின் கற்கள் 2017இல் பழைய இடத்தையொட்டி, நிலத்தடியிலேயே மீண்டும் அமைக்கப்பட்டன.

சாந்தா பிரிஸ்கா கோயிலின் சுவரில், செய்யுள் வரிகளுக்குத் தொலைவில், ஒரு கீறல் உண்டு. செவெருஸும் அந்தோனினுஸும் ஆட்சித்தலைவர்களாயிருந்த ஆண்டு, டிசம்பர் முதல் நாளுக்குப் பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை, வளர்பிறை தொட்டு எண்ணப் பதினெட்டாம் நாள், முதல் ஒளியில் பிறந்தான் என்று அது கூறுகின்றது. நம் கணக்கில் கி.பி. 202 நவம்பர் 20. அறிஞர் சிலர் இதனை ஒருவன் தீட்சை பெற்று மறுபடி பிறந்த நாளாகக் கொள்வர். ஆண்டு, நாள், கிழமை, பிறை, பொழுது என அனைத்தையும் துல்லியமாகப் பொறித்த அக்கை, அன்று விடியலில் குகைக்குள் என்ன நிகழ்ந்தது என்பதனை மட்டும் எழுதவில்லை.